வயல், ஆறு, கடல்: சித்திரையில் மூன்று நாள் நடப்பதற்கு

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் வசிக்கிறோம். சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த வாரத்தில் ஏழு பேராக மூன்று நாள் நடக்க விரும்புகிறோம். எங்களுள் 62 வயதான என் தகப்பனாரும் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவரும் இருக்கிறார்கள். வயல்வெளி, ஆற்றோரம், கடற்கரை மூன்றையும் பார்க்க ஆசை. மலைநாட்டில் உள்ளதுபோல அடையாளமிட்ட நடைபாதை எதுவும் இங்கே தென்படவில்லை. எங்கே நடக்கலாம்? உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குச் செல்லும் காட்டுவழியில் ஒரு பகுதியையாவது நடக்க முடியுமா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், சித்திரையில் அது முடியாது. உகந்தை முருகன் கோயிலைக் கடந்ததும் வழி குமண தேசியப் பூங்காவுக்குள் நுழைகிறது. வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று அடியார்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் தரிப்பிடங்கள் எல்லாம் காட்டுக்குள் இருப்பவை. கதிர்காமத்து ஆடிவேல் விழாவை ஒட்டி, குறித்த சில நாட்களுக்கு மட்டுமே அவ்வழி கால்நடையாகச் செல்வோருக்குத் திறந்துவிடப்படுகிறது. ஏனைய நாட்களில் பூங்காவுக்குள் வாகனத்திலிருந்து இறங்கி நடப்பது சட்டப்படி குற்றம். அந்தத் திறப்பு நாட்களிலும், ஒரு பகுதியை மட்டும் நடந்துவிட்டுத் திரும்புவோம் என்று கணக்குப் போட்டுப் போகக்கூடிய வழி அதுவன்று.

அடையாளமிட்ட நடைபாதை இல்லை என்று நீங்கள் கண்டது சரியே. ஆனால் நடப்பதற்கான வழிகள் நம் மாவட்டங்களில் ஏராளம். குளக்கட்டு, வாய்க்கால் கட்டு, வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், செல்லும் உழவு இயந்திரத் தடம், கரைவலைக்காரர் நடக்கும் கடற்கரை ஆகிய நான்கையும் இணைத்தால் கிழக்கின் பெரும்பகுதியை நடந்தே பார்த்துவிடலாம். இவை யாவும் தொழிலுக்காக ஏற்பட்ட வழிகளாதலால், தொழிலின் பருவம் மாறும்போது வழியும் மாறும். மார்கழியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் இடத்தில் பங்குனியில் வண்டி ஓடும். ஆகவே எந்த வழி என்று கேட்பதற்கு முன்னர், எந்த மாதம், எத்தனை மணி என்பவற்றைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நீங்கள் தெரிந்தெடுத்த வாரம் ஓரளவு நல்லதே. பெரும்போக அறுவடை பங்குனியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வரை வரம்புகள் காய்ந்து உறுதியாக இருக்கும். எனினும் அந்த இடைவெளி மிகக் குறுகியது. தண்ணீர் எப்போது வரும் என்பதை அந்தக் கண்டத்து (வயற்பகுதியின்) நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவரைப்போல வேறு யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள். வைகாசிக்குப் பின்னர் அனல்போல வீசும் கச்சான் காற்று இன்னும் தொடங்கியிராது. ஆனால் சித்திரையின் இடிமழையை எளிதாக எண்ணக்கூடாது. அது காலையில் வானத்தைத் தெளிவாகக் காட்டிவிட்டுப் பிற்பகலில் மேற்கே உள்நாட்டில் திரண்டு வரும். வெட்டவெளியில் நிற்பவரே மின்னலுக்கு முதற்பலி. மதியத்துக்கு முன்பே வயல் நடையை முடித்துவிட வேண்டும். இடி கேட்டால் தனிமரத்தடியில் ஒதுங்காமல் சுவர் உள்ள கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ சென்று, கடைசி முழக்கத்துக்குப் பின் அரை மணி நேரம் காத்திருங்கள்.

முதல் நாளை வீட்டு வாசலிலேயே தொடங்கலாம். குருமண்வெளித் துறைக்குப் போய் அங்கிருந்து மண்டூருக்குப் 'பாதை'யில் கடந்து செல்லுங்கள். வாவியைக் கடக்கும் மிதவைக்கு நம்மவர் பாதை என்றே பெயர் வைத்திருப்பது வெளியூர்க்காரரை எப்போதும் குழப்பும். தண்ணீரும் ஒரு வழிதான் என்று நினைத்த மக்களுக்கு அந்தச் சொல் இயல்பாகவே வந்திருக்க வேண்டும். சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில் கும்பிட்டுவிட்டு, வட்டைகளுக்கு ஊடாக வெல்லாவெளிப் பக்கமாக நடந்தால், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் பலரும் பார்த்திராத, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை கண்முன் விரியும். வெல்லாவெளியிலிருந்து பட்டிருப்புப் பாலம் வழியாக வீடு திரும்பிவிடலாம். தகப்பனார் களைத்தால் வெல்லாவெளியில் பஸ் ஏறட்டும். ஆனால் புத்தாண்டு வாரத்தில் பஸ்ஸும் குறையும், பாதையில் நெரிசலும் கூடும் என்பதால் நேரங்களை முதல்நாளே விசாரித்து வையுங்கள். வைக்கோல் குவிந்த வரம்பில் காலை வைக்குமுன் தடியால் தட்டிக்கொண்டு போவது புடையன் பாம்புக்கு நீங்கள் கொடுக்கும் முன்னறிவித்தல்.

யானையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்த வயல்களின் தாள்களையும் வற்றும் குளங்களின் புல்லையும் நாடி அவை இறங்கும் காலமும் இதுவே. சில ஆண்டுகளுக்கு முன்னர் நவகிரிப் பக்கமாக ஒரு சிறு குழுவை நான் அழைத்துச் சென்றபோது, குளக்கட்டில் மாலை வெயில் அழகாக இருக்கிறதென்று அரை மணி நேரம் தாமதித்தோம். திரும்பும் வழியில் யானைவேலி அறுந்திருந்த இடத்தில் ஒற்றை ஆண் யானை நின்றது. ஒரு வயல்வாடியில் (வயற்காவல் குடிலில்) ஏறி, உழவு இயந்திரம் ஒன்று விளக்குடன் வரும்வரை இரவு ஒன்பது மணிவரை இருந்தோம். பிழை முழுவதும் என்னுடையது. அன்றிலிருந்து காலை ஆறரைக்கு முன் புறப்படுவதுமில்லை, மாலை நான்குக்குப் பின் பற்றைக்காட்டு ஓரத்தில் நிற்பதுமில்லை. ஈரம் காயாத இலத்தி கண்டால் திரும்பிவிடுங்கள். வாடிக்காரர் "அங்கால போகாதீங்க" என்றால் காரணம் கேட்டு வாதாடாதீர்கள்.

இரண்டாம் நாள் ஆற்றோரத்துக்கு உன்னிச்சையைப் பரிந்துரைக்கிறேன். வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலை வழியாகக் குளம்வரை வேனில் சென்று, குளக்கட்டில் நடந்து, பின்னர் வாய்க்கால் கட்டு வழியே கீழிறங்கலாம். நிழல் குறைவு, காட்சி பெரிது. அம்பாறைப் பக்கம் போக விரும்பினால், நாம் பட்டிப்பளை ஆறு என்றும் அரசாங்கப் பதிவுகள் கல்ஓயா என்றும் சொல்லும் ஆற்றின் கீழ்ப்பகுதி வாய்க்கால்கள் நடக்க ஏற்றவை. இங்கினியாகலை அணைக்கு மேலே சேனநாயக்க சமுத்திரத்தை ஒட்டிய காடு தேசியப் பூங்காவாதலால் அங்கே விருப்பப்படி நடக்க முடியாது.

அணைக்குக் கீழே நடக்கிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த ஆறுகளின் தண்ணீரை உங்கள் தலைக்கு மேலுள்ள வானம் தீர்மானிப்பதில்லை. எங்கோ பெய்த மழையும், யாரோ திறந்த வான்கதவும் தீர்மானிக்கின்றன. தாம்போதியின் (ஆற்றைக் கடக்கும் தாழ்பாலத்தின்) மேலாகத் தண்ணீர் கணுக்காலளவு வேகமாக ஓடினாலும் கடக்க வேண்டாம். கால் கழுவுவதற்கும் ஊரார் குளிக்கும் துறையைத் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம்; குளங்களிலும் ஆறுகளிலும் முதலை உண்டு, அது கலங்கல் நீரில் உங்களுக்குத் தெரியாது.

பிள்ளைகள் குடும்பிமலையைக் கேட்பார்கள். 534 மீற்றர் உயரம் என்பது பெரிதல்ல. ஆனால் கிரானிலிருந்து உள்ளே போகும் தூரமும், யானையும், தொலைபேசித் தொடர்பின்மையும் சேர்ந்தால் இந்தக் குழுவுக்கு அது பொருந்தாது. மாரியில் புலிபாய்ந்தகல்லடியில் வெள்ளம் பாய்ந்து அப்பக்கத்து ஊர்களே துண்டிக்கப்பட்டுவிடும் என்பதால், கோடையில் உள்ளூர் வழிகாட்டியுடன், இளையவர்கள் மட்டும் போகட்டும்.

மூன்றாம் நாள், இடிமழைக்கான அறிகுறி இல்லையென்றால், கடற்கரையை மாலைக்கு ஒதுக்குங்கள். நம் கரை கிழக்கு நோக்கியது. காலையில் வெயில் கடலிலிருந்து முகத்தில் அடிக்கும், மூன்றரை மணிக்குப் பின் தென்னையும் சவுக்கும் மணல்மேல் நிழல் விரிக்கும். 1924ஆம் ஆண்டுப் பழைய கல்லடிப் பாலத்திலிருந்து புறப்பட்டு, கடற்கரைக்கு வந்து, வடக்கே நாவலடி முனைவரை நடந்து திரும்புவது தகப்பனாருக்கும் இயலும். அலை நனைத்த ஓரத்து மணல் இறுக்கமாக இருக்கும். மேலே பொலபொலத்த மணலில் நடந்தால் முழங்கால் வலிக்கும். முனையில் வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் இருக்கிறது. மணல் மூடி ஆள் நடக்கலாம் போலத் தோன்றும் நாட்களிலும் அந்தத் திட்டில் கால் வைக்காதீர்கள். அடியில் நீர் அரித்திருக்கும். 1913இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு அக்கரையில் தெரியும். அதைப் பார்க்க வேண்டுமானால் பாலமீன்மடுப் பக்கத்தால் வேறொரு நாள் வாருங்கள்.

இன்னும் தனிமையான கரை வேண்டுமென்றால், திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, இலங்கையின் கிழக்கு எல்லைமுனையான சங்கமன்கண்டியிலிருந்து கோமாரிப் பக்கமாக நடக்கலாம். அங்கே மட்டும் மாலை நடை என்ற என் விதி செல்லாது. அந்தப் பகுதியிலும் யானை இறங்குவதால் காலையில் போய், முற்பகலில் பெருந்தெருவுக்கு வந்துவிட வேண்டும்.

வேகக் கணக்கைக் குறைத்தே போடுங்கள். தார் வீதியில் மணிக்கு நான்கு கிலோமீற்றர் நடப்பவர் வரம்பிலும் மணலிலும் இரண்டரைக்கு மேல் போகமாட்டார். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், இரண்டு ஜீவனிப் (நீரிழப்புக்கான உப்புக்கரைசல்) பொட்டலம், தொப்பி, சேற்றில் வழுக்காத சப்பாத்து போதும். கட்டுச்சோறு பகலுக்கு முன் கெட்டுவிடாதபடி புளிச்சோறாக இருக்கட்டும். காலில் வெட்டுக்காயம் உள்ளவர் சேற்றில் இறங்கக்கூடாது. எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரை தேவையா என்பதை உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் ஒரு வாரம் முன்னரே கேளுங்கள். நடந்து ஒரு மாதத்துக்குள் யாருக்கேனும் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், வயலில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லத் தவறாதீர்கள். பாம்பு தீண்டினால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை அசையவிடாமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். அந்த அழைப்பில் சொல்வதற்காக, ஒவ்வொரு ஊரையும் கடக்கும்போது அதன் பெயரையும் கண்டத்தின் பெயரையும் பிள்ளைகளுள் ஒருவர் கொப்பியில் எழுதி வரட்டும்.