தென்னாப்பிரிக்க ஹேக்கும் நமீபிய ஹேக்கும் வேறு வேறு மீனா?

கேப் டவுன் கடைகளில் உள்ளூர் ஹேக், நமீபிய ஹேக் என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்களே, இரண்டும் வேறா என்று கேட்டிருக்கிறீர்கள். நாட்டை வைத்துப் பிரித்தால் குழப்பம்தான். ஆழத்தை வைத்துப் பிரித்தால் விளங்கும்.

இங்கே ஹேக் என்ற ஒரே பெயரில் இரண்டு இனம் விற்கிறது. கரைக்குக் கிட்டத்தில் இருப்பது மெர்லூசியஸ் கேபென்சிஸ். பெரும்பாலும் 400 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. ஆழ்கடல் ஹேக்கின் பெயர் மெர்லூசியஸ் பாரடாக்சஸ்; சுமார் 150 மீட்டரில் தொடங்கி 800 மீட்டருக்கும் கீழே இறங்கும். துண்டு போட்டுவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. தலையோடு கிடைத்தால் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சீப்புப் பல் போல வரிசையாக முட்கள் இருக்கும். அவற்றில் கரும்புள்ளி இருந்தால் ஆழ்கடல் ஹேக். டர்பனில் என் மாமியார் புளிக்குழம்புக்குத் தலை வாங்கினால், கழுவும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரண்டுமே வளர வளர ஆழத்துக்குப் போகும். அதனால் பெரிய கேபென்சிஸும் சின்ன பாரடாக்சஸும் ஒரே இடத்தில் சேரும்; பெரியது சின்னதைத் தின்றுவிடும். ஒன்றின் எண்ணிக்கை மாறினால் மற்றதும் மாறும். அப்படியிருந்தும் தென்னாப்பிரிக்காவில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பிடி வரம்புதான், அதாவது ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற அளவு.

இனி எல்லை விஷயம். ஆழ்கடல் ஹேக் முட்டையிடுவது பெரும்பாலும் தென்னாப்பிரிக்கப் பக்கம். முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தோடு வடக்கே மேற்குக் கரைக்குப் போகும். இரு நாட்டு எல்லையில் கடலில் சேரும் ஆரஞ்சு ஆற்றின் முகத்துவாரத்துக்கு எதிரே குஞ்சுகள் வளர்ந்து, சில நமீபியாவுக்கும் சில தெற்கேயும் பிரியும். மரபணு ஆய்வும் இரு நாட்டிலும் இருப்பது ஒரே கூட்டம் என்றே காட்டுகிறது. கேபென்சிஸ் அப்படியில்லை; வடக்கிலும் தெற்கிலும் மரபணு வேறுபாடு தெரிகிறது.

1970களின் தொடக்கத்தில் வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் இந்தக் கடலை வாரிக்கொண்டு போனதில் இரண்டு நாட்டுப் பக்கமும் மீன் வளம் சரிந்தது. தென்னாப்பிரிக்கா 1977-இல்தான் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்பிடி உரிமை தனக்கே என்று எல்லை போட்டது. மீனுக்கு அந்தக் கோடு தெரியாது. 2013-இல் அங்கோலா, நமீபியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் இந்தக் கடலைச் சேர்ந்து பராமரிக்கும் பெங்குவேலா உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன் கீழ் ஆழ்கடல் ஹேக்கை தென்னாப்பிரிக்கா, நமீபியா இரண்டு அரசும் ஒரே கணக்கில் வைத்துப் பிடி வரம்பு போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடையில் உறையைத் திருப்பிப் பாருங்கள். பாரடாக்சஸ் என்று இருந்தால் எந்த நாட்டுப் பெயர் போட்டிருந்தாலும் அதே கூட்டத்து மீன்தான். கேபென்சிஸ் என்றால் நமீபியாவுடையது வேறு கூட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். குழம்பில் போட்டால் இரண்டையும் கிண்டாதீர்கள், சதை உடைந்துவிடும்.