பெரியப்பாவின் காமிக்ஸ் பெட்டிகள்: விற்பதற்கு முன் சில கேள்விகள்

கேள்வி: வெளிநாட்டில் நெடுங்காலம் இருந்த என் பெரியப்பா போன வருஷம் காலமானார். அவர் சேர்த்து வைத்திருந்த அமெரிக்க காமிக்ஸ், ஐந்து அட்டைப்பெட்டி நிறைய எங்களிடம் வந்திருக்கிறது. பெரும்பாலும் 1960, 70-களில் வந்த மார்வெல், டிசி இதழ்கள். பழைய காமிக்ஸ் வாங்கும் டீலர் ஒருவர் வந்தார். அரை மணி நேரம் புரட்டிவிட்டு, "அத்தனையையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், இன்றே பணம்" என்று ஒரு தொகை சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் இடம் காலியானால் போதும். எனக்குத்தான் மனசு வரவில்லை. ஒரு சூப்பர்மேன் இதழ் 90 லட்சம் டாலருக்கு மேல் போனதாகச் செய்தியில் படித்தேன். நாங்கள் ஏமாறுகிறோமா?

பதில்: அந்தத் தொகை நியாயமா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. பெட்டிகளில் என்ன இருக்கிறது என்பது இப்போதைக்கு அந்த டீலருக்கு மட்டும்தான் தெரியும். அதை முதலில் மாற்றுங்கள். இன்று தருகிற பணத்தை அவர் அடுத்த மாதமும் தருவார். தரமாட்டேன் என்றால், அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

செய்தியில் நீங்கள் படித்தது 1939-இல் வந்த சூப்பர்மேன் முதல் இதழ். 2025 நவம்பரில் 91.2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஒரு குடும்பத்தின் பரணில் கிடந்த பிரதி என்பதால் எல்லோருடைய கண்ணும் தங்கள் வீட்டுப் பரண் பக்கம் போய்விட்டது. அது 1939, உங்களுடையது 1960-கள்; இரண்டும் ஒரே சந்தை இல்லை. ஆனால் 60-களின் இதழ்களிலும் பெரிய விலைக்குப் போகிறவை உண்டு. ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய அமேசிங் ஃபேன்டஸி 15-ஆம் இதழின் (1962) மிக நல்ல பிரதி ஒன்று 2021-இல் 36 லட்சம் டாலருக்கு விற்றது. அதே இதழ் கிழிந்து, கவர் தொங்கிக்கொண்டிருந்தாலும் வாங்க ஆள் இருக்கிறது.

ஆகவே பட்டியல். தலைப்பு, இதழ் எண், ஆண்டு, கவரில் அச்சிட்ட விலை, இந்த நான்கும் போதும். ஆண்டு, பெரும்பாலும் முதல் பக்கத்தின் அடியிலோ உள்அட்டையிலோ பொடி எழுத்தில் இருக்கும். ஒரே தலைப்பில் எண் 1 என்று பலமுறை புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதால் ஆண்டு இல்லாத பட்டியல் பாதி வேலைதான். அலுப்பான வேலை, ஓரிரு வாரஇறுதிகளைத் தின்னும். ஆனால் இந்த விவகாரத்தில் நீங்கள் செய்யப்போகிற வேலைகளில் அதிகக் கூலி தரப்போவது இதுதான்.

பட்டியல் முடிந்ததும் ஒன்று புலப்படும். ஐந்து பெட்டியின் மதிப்பில் பெரும்பகுதி ஒரு கை எண்ணிக்கையிலான இதழ்களில் குவிந்திருக்கும். ஒரு முக்கியக் கதாபாத்திரம் முதன்முதலில் வருகிற இதழ்களைச் சேகரிப்பாளர்கள் கீ இதழ் என்பார்கள். ஃபென்டாஸ்டிக் ஃபோர் 1 (1961), இன்கிரெடிபிள் ஹல்க் 1 (1962), எக்ஸ்-மென் 1, அவெஞ்சர்ஸ் 1 (இரண்டும் 1963), ஜயண்ட்-சைஸ் எக்ஸ்-மென் 1 (1975) எல்லாம் அந்த வகை. அரை மணி நேரத்தில் டீலர் தேடியது இவற்றைத்தான். மொத்தத் தொகை சொன்னார் என்றால் ஏதோ ஒன்று கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

எண் பொருந்தினால் மட்டும் போதாது, உள்ளே பக்கங்களையும் எண்ண வேண்டும். வூல்வரின் முழுசாக வருகிற முதல் இதழான ஹல்க் 181 (1974) இதற்கு நல்ல உதாரணம். அந்தக் காலத்தில் மார்வெல், வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டாம்ப் படம் அச்சிட்டு, அதை வெட்டி ஆல்பத்தில் ஒட்டச் சொன்னது. பிள்ளைகளும் சமத்தாக வெட்டி ஒட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கிற பிரதியில் அந்தச் சின்னச் சதுரம் மட்டும் காணாமல் போயிருந்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். 1974, 75 மார்வெல் இதழ்கள் ஒவ்வொன்றிலும் இதைப் பாருங்கள். நடுத்தாள் ஸ்டேப்பிள் பின்னிலிருந்து கழன்று தொலைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கவரில் சென்ட்டுக்குப் பதில் பென்ஸ் விலை இருந்தால் அது போலி இல்லை. பிரிட்டனுக்கு அனுப்புவதற்காக விலையை மட்டும் மாற்றி அமெரிக்காவிலேயே அடித்த பிரதிகள் அவை. சென்ட் பிரதியைவிட விலை குறைவாகப் போவதுதான் வழக்கம், ஆனாலும் முதல் பதிப்புதான்.

விலை பார்க்கும்போது, இணையத்தில் மக்கள் கேட்கிற விலையை ஒதுக்கிவிடுங்கள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். விற்று முடிந்தவை என்று வடிகட்டிப் பாருங்கள். ஈபேயில் அந்த வசதி உண்டு. ஹெரிடேஜ் போன்ற ஏல நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளைத் தேட விடுகின்றன. 1970 முதல் வருகிற ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேட்டில் எந்த இதழ் ஏன் முக்கியம் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் விலையைப் பொறுத்தவரை சந்தை அதைவிட வேகமாக ஓடுகிறது.

யாரிடம் விற்பது என்பதற்கு இப்போது வருகிறேன். டீலருக்குக் கடை வாடகை, விற்கும்வரை காத்திருக்கிற பணம், விற்காமல் தேங்குகிற இதழ் எல்லாம் உண்டு. சந்தை விலையில் பாதி தந்தால்கூட அவரைத் திட்ட முடியாது. கீ இதழ் சீக்கிரம் விற்கும் என்பதால் அதற்குக் கூடுதலாகத் தருவார், சாதாரண இதழுக்கு மிகக் குறைவாகத் தருவார். ஏலத்தில் கூடுதல் கிடைக்கலாம், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, செய்தியில் வருகிற ஏல விலையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டுகிற கமிஷனும் சேர்ந்திருக்கும். அந்தப் பகுதி விற்றவர் கைக்கு வராது. விற்பவரிடமும் தனியாகக் கமிஷன் பிடிப்பார்கள். பெரிய இதழ் என்றால் அதைப் பேரம் பேசிக் குறைக்கலாம், கூச்சப்படாமல் கேளுங்கள். நீங்களே ஒவ்வொன்றாக ஆன்லைனில் விற்றால் கையில் அதிகம் நிற்கும், ஆனால் அது ஒரு பகுதிநேர வேலை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கீ இதழ்களை மட்டும் ஏலத்துக்கு அனுப்பிவிட்டு மீதியை மொத்தமாக டீலருக்குக் கொடுப்பேன். நல்லதை எடுத்துவிட்டீர்கள் என்று அவர் மீதிக்கு விலையைக் குறைப்பார். குறைக்கட்டும். ஒன்றுக்கு இரண்டு மூன்று டீலர்களிடம் பட்டியலைக் காட்டி எழுத்தில் விலை வாங்குங்கள். செய்யக்கூடாதது ஒன்றுதான்: பெட்டிக்குள் கைவிட்டு அவர்களே பொறுக்கி எடுக்க விடுவது. நல்லது நாலு போய்விட்டால் மீதி ஐந்து பெட்டியும் உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

வீட்டில் அவசரப்படுத்துகிறவர்களுக்கு எட்கர் சர்ச் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் கொலராடோவில் அவர் 1930-கள் முதல் சேர்த்த காமிக்ஸைக் குடும்பத்தார் 1977 வாக்கில் வீட்டைக் காலி செய்தபோது சக் ரோசான்ஸ்கி என்ற டீலருக்கு மிகச் சொற்ப விலைக்குக் கொடுத்தார்கள். காகிதம் வெள்ளை மாறாமல் இருந்த அந்த இதழ்கள் இன்று மைல் ஹை பிரதிகள் என்று தனிப் பெயரோடு, அதே இதழின் மற்ற பிரதிகளைவிடப் பல மடங்கு விலைக்குப் போகின்றன.

கேள்வி: கிரேடு போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்த காமிக்ஸ்தான் விலை போகும் என்கிறார்கள். என்னிடம் சுமார் 300 இதழ்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அனுப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். கட்டணத்திலேயே கரைந்துபோவீர்கள்.

2000-இல் தொடங்கிய சிஜிசி (CGC) என்ற நிறுவனம் கிரேடு போடும் தொழிலில் பெரிய பெயர். இதழைப் பரிசோதித்து 0.5 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். சேகரிப்பாளர்கள் அதை ஸ்லாப் என்பார்கள். கட்டணம் இதழின் மதிப்பைப் பொறுத்து ஏறும். அதோடு போக வர தபால், இன்ஷூரன்ஸ், காத்திருப்பு. ஸ்லாப் செய்த பிரதிக்கும் செய்யாத பிரதிக்கும் உள்ள விலை வித்தியாசம் இந்தச் செலவைத் தாண்டி நல்ல இடைவெளி விட்டால்தான் அனுப்ப வேண்டும். 300-இல் அப்படி ஒரு பத்து இருபது தேறினாலே பெரிய விஷயம்.

ஆனால் கீ இதழ் என்றால் கிரேடு போடாமல் விற்காதீர்கள். எண்ணைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. யாராவது எப்போதோ கவரின் தேய்ந்த இடத்தில் பேனாவால் வண்ணம் தொட்டிருக்கலாம், ஓரத்தை நேராக வெட்டியிருக்கலாம். இவை வெறும் கண்ணுக்குத் தெரியாது. நிறுவனம் கண்டுபிடித்தால் நீல லேபிளுக்குப் பதில் ஊதா லேபிள் வரும். ஊதா என்றால் சீரமைக்கப்பட்டது, விலை கணிசமாகக் குறையும். அந்த ஆபத்து இருப்பதால்தான் கிரேடு இல்லாத கீ இதழுக்கு வாங்குகிறவர் பயந்து பயந்து விலை சொல்கிறார்.

அனுப்புவதற்கு முன் பிரெஸ்ஸிங் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெப்பமும் ஈரப்பதமும் கொடுத்து அழுத்தி மடிப்பு, நெளிவுகளை எடுப்பது அது. சிஜிசி இதைச் சீரமைப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. வண்ணம் உடையாத லேசான நெளிவு இருந்தால் பலன் உண்டு. தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், செய்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: சில இதழ்களின் முதுகு கிழிந்திருக்கிறது. பின் துருப்பிடித்திருக்கிறது. செல்லோடேப் ஒட்டி, புதுப் பின் அடித்து, அழுக்கை ரப்பரால் அழித்துவிட்டு விற்றால் நல்ல விலை வருமா?

பதில்: மூன்றுமே விலையைக் குறைக்கும். டேப்பின் பசை வருடங்கள் போகப் போகக் காகிதத்துக்குள் இறங்கி மஞ்சளாகும், எடுக்க முயன்றால் அச்சும் கூடவே வரும். புதுப் பின் அடித்தால் பழைய ஓட்டை பொருந்தாது, பார்க்கிறவருக்கு உடனே தெரியும். ரப்பரோ, கவரின் பளபளப்பை உரித்துவிடும். கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும், விளம்பரத்தில் அதை எழுதிவிடுங்கள்.

செய்ய வேண்டியது பாதுகாப்பு மட்டும். மலிவான நியூஸ்பிரிண்ட் காகிதத்தில் உள்ள அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுக்குகிறது. வெயிலும் ஈரமும் அதை வேகப்படுத்தும். ஒவ்வொரு இதழையும் பாலிப்ரொப்பிலீன் உறையில், அமிலமற்ற அட்டையோடு போடுங்கள். மதிப்புள்ளதற்கு மைலார் (பாலியெஸ்டர்) உறை. பிவிசி உறை வேண்டவே வேண்டாம். பெட்டியில் நிற்க வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதன் முதுகு நசுங்கும்.

கேள்வி: 1991 எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து கவரிலும் என்னிடம் இருக்கிறது. 1992-இல் சூப்பர்மேன் சாகிற இதழும் கறுப்பு உறை பிரிக்காமல் வைத்திருக்கிறேன். 30 வருஷம் ஆகிவிட்டது. இப்போது விற்கலாமா?

பதில்: விற்கலாம், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அந்த எக்ஸ்-மென் 80 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் அடித்த இதழ். ஒரே ஆள் ஐந்து கவரையும் வாங்கி, நாளைக்கு விலை ஏறும் என்று உறையில் போட்டு வைத்தார். அவரைப் போலவே எல்லோரும் வைத்தார்கள். 60-களின் இதழ்கள் விலை போவதற்குக் காரணமே, படித்துக் கசக்கி எறிந்ததுபோக மிச்சம் கொஞ்சம்தான் என்பது. எடுத்து ஒருமுறை படியுங்களேன்.

கேள்வி: ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் (சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றியது), 1938 என்று போட்டிருக்கிறது, பழைய புத்தகக் கட்டில் கிடைத்தது. உள்ளே விளம்பரம்கூட அந்தக் காலத்தது. ஆனால் சாதாரண காமிக்ஸைவிடப் பெரிதாக இருக்கிறது. லாட்டரியா?

பதில்: ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்கள். அசல் ஏறக்குறைய ஏழேமுக்கால் அங்குல அகலம், பத்தரை அங்குல உயரம். உங்களுடையது சுமார் 10 அங்குலத்துக்கு பதின்மூன்றரை இருந்தால், அது 1974-இல் டிசி நிறுவனமே ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன் என்ற பெயரில் விட்ட மறுபதிப்பு. விளம்பரம் உட்பட உள்ளதை உள்ளபடி அடித்தார்கள். மறுபதிப்பு என்று சொல்லும் வெளி அட்டையைக் கழற்றிவிட்டால் அப்பாவிக்கு அசல்போலவே தெரியும். அதைக் கழற்றி விற்று ஏமாற்றுவது பழைய தந்திரம். நீங்கள் விற்கும்போது மறுபதிப்பு என்று எழுதி விற்றுவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு நல்ல இதழை விற்றேன். வாங்கியவர், 'நீங்கள் சொன்ன கண்டிஷனில் இல்லை' என்று பணத்தைத் திரும்பக் கேட்கிறார். திருப்பி அனுப்புகிற பிரதி என்னுடையதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: விற்பதற்கு முன் எடுத்த போட்டோக்கள்தான் உங்கள் சாட்சி. முன் கவர், பின் கவர், முதுகு, நடுத்தாளில் பின் இருக்கும் இடம், நான்கு மூலை எல்லாவற்றையும் நெருக்கமாக எடுத்திருந்தால், பின் சாய்ந்திருக்கும் கோணம், மடிப்புக் கோடு இவற்றை ஒப்பிட்டே சொல்லிவிடலாம். இரண்டு பிரதிக்கு இவை ஒன்றுபோல அமைவது அபூர்வம். ஸ்லாப் என்றால் லேபிளில் சான்றிதழ் எண் இருக்கும், அதைக் குறித்து வைத்திருக்க வேண்டும். விற்ற தளத்தின் வழியாகவே பேசுங்கள், வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். பார்சல் திரும்பி வந்ததும், பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பிரதி மாறியிருந்தால் அன்றே தளத்தில் புகார் கொடுங்கள், பணத்தை அதற்கு முன் விடுவிக்காதீர்கள். உங்களுடைய பிரதிதான், நீங்கள் எழுதாத குறை அதில் உண்மையிலேயே இருக்கிறது என்றால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.