கூரைத் தகட்டு ஓரங்களுக்கு ரிவெட்டா, திருகாணியா?

கோண்டாவில்: அண்ணா, முகட்டுத் தகட்டுக்கு எதை அடிப்பது?

இரண்டும் வேண்டும், தம்பி. தகட்டோடு தகடு சேரும் இடத்தில் ரிவெட். தகடு மரத்திலோ இரும்புச் சட்டத்திலோ அமரும் இடத்தில் ரப்பர் வொஷர் போட்ட திருகாணி. அரை மில்லிமீற்றர்கூடத் தேறாத தகட்டில் திருகாணிப் புரி ஒன்றோ இரண்டோதான் பிடிக்கும். சற்று அழுத்தினால் வழுகிச் சுற்றும். ரிவெட் பின்புறம் விரிந்து இரண்டையும் நெரித்துப் பிடிக்கும். 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3 மி.மீ. துளை. துளையிட்ட இரும்புத் துருவலை அன்றைக்கே தும்புத்தடியால் கூட்டி இறக்குங்கள். கிடந்தால் கூரையெங்கும் துருப்புள்ளி.

குருநகர்: அலுமினிய ரிவெட்தான் அடித்தோம். ஆனாலும் பழுப்பு நீர் வடிகிறதே?

ரிவெட்டின் உடல் அலுமினியம், அதை விரிக்க இழுக்கும் நடு ஊசி இரும்பு. இழுத்து முறித்தபின் ஊசியின் தலை உள்ளேயே தங்கிவிடும். கடற்காற்று அதைத் துருவாக்குகிறது. வல்வெட்டித்துறையில் ஒரு பீலியைக் கழற்றியபோது ஒவ்வொரு ரிவெட்டின் கீழும் விரல் நீளத்துக்குப் பழுப்புக் கோடு இருந்தது. வாங்கும்போது ஊசியில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் வேண்டாம். ஊசியும் அலுமினியமான ரிவெட்டைக் கேளுங்கள். நடுத்துளையால் நீர் இறங்கும், சிலிக்கன் பூசுங்கள். வினாகிரி மணக்கும் சிலிக்கன் தகட்டின் பூச்சை அரிக்கும், அதைத் தொடாதீர்கள்.

மானிப்பாய்: முகட்டுக்கு எது நல்லது?

முதல் பதிலைப் பாருங்கள்.

சாவகச்சேரி: நான் தச்சன். ரிவெட்டைக் கழற்ற முடியாது. தகட்டோடு தகடு இணைக்கவென்றே குட்டைத் திருகாணி வருகிறதே!

வருகிறது, நல்ல சாமான்தான். தகடு சற்றுத் தடிப்பாக இருந்தால் நானும் போடுவேன். ஆனால் பீலி மூட்டில் அதன் கூர் உள்ளே நீட்டி நின்று பனஞ்சருகையெல்லாம் பிடித்து வைக்கும். ரிவெட்டின் தலையைத் துளைத்தால் கழன்றுவிடும், ஐயா. திரும்ப அடிக்கும்போது துளை பெருத்திருந்தால் 4.8 மி.மீ. ரிவெட் போடலாம்.

சாவகச்சேரி: சோளகம் அடித்தால் ரிவெட் தாங்குமா?

காற்றைத் தாங்குவது மரத்தில் இறங்கிய திருகாணி. ரிவெட்டை மட்டும் நம்பி முகட்டை விட்டால் பறக்கும். அதில் நீங்கள் சொல்வதே சரி.

சுன்னாகம்: பழைய அஸ்பெஸ்டஸ் கூரையில் துளையிடலாமா?

வேண்டாம், தங்கச்சி. அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். அந்த வேலை பழகியவரிடம் கேளுங்கள்.

காரைநகர்: திருகாணியை எவ்வளவு இறுக்குவது?

வொஷரின் ரப்பர் விளிம்பில் மெல்லத் தெரியும்வரை. பிதுங்கினால் வெயிலில் வெடிக்கும். 6 மீற்றர் இரும்புத் தகடு 40 பாகை சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும், அந்த அசைவுக்கு ரப்பர் இடம் கொடுக்க வேண்டும். துருவலைக் கூட்டினீர்களா?