நான்கு தலையணை வேண்டாம், ஒரு சாய்வு போதும்

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மாரடைப்பு வந்தது. அதிலிருந்து இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்துவிட்டதாகச் சொல்லி மாத்திரை தருகிறார்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. முன்பு இரண்டு தலையணை வைத்துத் தூங்கியவருக்கு இந்த மாதம் நான்கு தேவைப்படுகிறது. அப்படியும் நள்ளிரவில் சரிந்து கீழே வந்து, கழுத்து வலியோடு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். கால் வீக்கத்துக்காகக் காலடியிலும் ஒரு தலையணை வைக்கிறோம். இலவம்பஞ்சு நல்லதா, விளம்பரத்தில் வரும் ‘ஆர்த்தோ’ தலையணை நல்லதா?
– வாசகி, திருநெல்வேலி.

பதில்: பஞ்சைப் பிறகு பார்ப்போம். ‘இரண்டு’ என்பது ‘நான்கு’ ஆனதுதான் எனக்குக் கவலை தருகிறது. இதய நோயாளியிடம் ‘எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?’ என்று நாங்கள் கேட்பது பேச்சுக்காக அல்ல. அதுவும் ஒரு பரிசோதனைதான். படுத்ததும் கால்களிலும் வயிற்றிலும் தேங்கியிருந்த இரத்தம் மார்புப் பக்கம் திரும்புகிறது. நல்ல இதயம் அதைச் சமாளித்துவிடும். பலவீனமான இதயத்தால் முடியாது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். தூங்கிய ஓரிரு மணி நேரத்தில் திடுக்கிட்டு எழுவதும் இதனால்தான். தலையணை கூடியிருக்கிறது என்றால் உடம்பில் நீர் கூடியிருக்கக்கூடும். அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் நாளையே இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீர் பிரியும் மாத்திரையின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். அதை மாலையிலோ இரவிலோ கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். சிறுநீர் கழிக்க எழுந்து எழுந்தே பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது.

இனி படுக்கை. தலைக்குக் கீழே நான்கை அடுக்கினால் உயர்வது தலை மட்டும்தான். முகவாய் மார்பில் இடிக்கும், கழுத்து மடங்கும், மார்பு இருந்த இடத்திலேயே இருக்கும். உயர வேண்டியது இடுப்புக்கு மேலுள்ள உடம்பு முழுவதும். எனவே தலையணையைவிட உங்களுக்குத் தேவை ஒரு சாய்வு. மெத்தைக் கடைகளில் ஃபோமை முக்கோணமாக வெட்டித் தருவார்கள். சாயும் பக்கம் 60 செ.மீ., உயரம் 30 செ.மீ. என்று சொன்னால் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வு கிடைக்கும். கையால் அழுத்தினால் எளிதில் அமுங்காத, கெட்டியான ஃபோமாக இருக்கட்டும். சாய்வின் அடிமுனை இடுப்பைத் தொட வேண்டும்; முதுகின் நடுவில் நின்றால் இடுப்பு வலிதான் மிஞ்சும்.

இலவம்பஞ்சுத் தலையணையை வீசிவிடாதீர்கள். சாய்வின் மேல், கழுத்துக்கும் தலைக்கும் மட்டும், மெலிதான ஒன்றை வையுங்கள். பழைய பஞ்சு கட்டி தட்டியிருந்தால் பிரித்து வெயிலில் காயவைத்துத் தட்டிக்கொள்ளலாம். ‘ஆர்த்தோ’ என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சரிந்து வருவதைத் தடுக்க முழங்காலுக்குக் கீழே ஒரு சிறிய தலையணையோ சுருட்டிய போர்வையோ போதும். பகலில் எடுத்துவிடுங்கள், எந்நேரமும் கால் மடங்கியே இருந்தால் மூட்டு இறுகிவிடும். இரு முழங்கைகளுக்குக் கீழும் ஒவ்வொன்று வைத்தால் கைகளின் பாரம் தோளை இழுக்காது. மூச்சு வாங்குகிறவர்களுக்கு இதுவே பாதி நிம்மதி. சரிந்து சரிந்து வருவதில் இடுப்பின் பின்பக்கத் தோல் உரசிப் புண்ணாகும். காலையில் குளிப்பாட்டும்போது அந்த இடத்தையும் குதிகாலையும் பாருங்கள். சிவப்பு இருந்து, விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று பொருள்.

காலடித் தலையணையை இன்றிரவே எடுத்துவிடுங்கள். பாசத்தில் செய்ததுதான், ஆனால் கால் நீரை இதயத்தின் பக்கமே திருப்பி அனுப்பி மூச்சுத் திணறலைக் கூட்டும். கால் வீக்கத்தை வடிய வைக்க வேண்டியது மருந்தும் உப்புக் குறைப்பும்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் அம்மாவின் கண்ணில் படாமல் வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

கழுத்து வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பெரும்பாலும் நடப்பது அதுதான். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி இதயச் செயலிழப்பை, அதாவது அம்மாவுக்கு இருக்கும் இந்தப் பம்ப் திறன் குறைவை, மோசமாக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். தூக்க மாத்திரையையும் நீங்களாக வாங்க வேண்டாம்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் மருத்துவரை அழையுங்கள். உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை, உதடு நீலம் பாய்கிறது, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் நேரம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை கால்களைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள்.

ஃபோம் வந்து சேரும்வரை, கைப்பிடி இல்லாத மர நாற்காலி ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டில் கவிழ்த்து வையுங்கள்; அதன் முதுகுப் பலகையே சாய்வாக நிற்கும். நாற்காலியின் கால்கள் சுவரில் முட்டி நிற்கட்டும், அப்போதுதான் நகராது. மேலே கெட்டியாக மடித்த ஜமக்காளம், அதன் மேல் தலையணை. அம்மாவைச் சாயவைத்து, எந்த உயரத்தில் மூச்சு சீராகிறது என்று அவரையே கேளுங்கள். அந்த உயரத்தை அளந்து மெத்தைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். மருத்துவரிடமும் சொல்லுங்கள்.