தாக்கோல் கேட்டேன், ஒட்டடைக்கோல் வந்தது

"ஒரே தமிழ்தானே, ஊர் மாறினால் பேச்சில் அப்படி என்ன திண்டாட்டம் வந்துவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் இருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் நான். நிறையவே வரும்.

போன முதல் வாரம். அறைச் சாவியை பனியன் கம்பெனியிலேயே மறந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வாசலில் நிற்கிறேன். கீழே போய் வீட்டுக்கார அக்காவிடம், "அக்கா, தாக்கோலு ஒண்ணு கூட உண்டுமா?" என்றேன். அவர் முகத்தில் குழப்பம். கொல்லைப்பக்கம் போனவர் ஒட்டடைக்கோலை எடுத்துவந்து நீட்டினார். நான் மாடிப்பக்கம் கையைக் காட்டி, பூட்டைத் திறப்பதுபோல விரலைத் திருப்பியதும்தான் அவருக்குப் பிடிபட்டது. "அட, தொறப்புக்குச்சிங்களா தம்பி? அப்படிச் சொல்லோணுமல்லங்க!"

கதவைத் திறந்துவிட்டுப் படுத்த பிறகு யோசித்தால் எனக்கே சிரிப்பு. தாழைத் திறக்கும் கோல், தாக்கோல். திறக்கும் குச்சி, தொறப்புக்குச்சி. இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் சொல்லியிருக்கிறோம். பழைய கோயில் சாவியைப் பார்த்தவர்களுக்கு ஏன் கோல், ஏன் குச்சி என்று விளக்க வேண்டியதில்லை. பிற்பாடு யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், "திறப்பைத் துலைச்சுப்போட்டன்" என்று புலம்பியபோது, எனக்கு உரை தேவைப்படவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் மூவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நாங்கள் பிடித்துக்கொள்ளும் 'சாவி' போர்ச்சுகீசியச் சொல். ஜன்னலும் அலமாரியும் அதே கப்பலில் வந்தவைதான். ஆனாலும் தொறப்புக்குச்சி என்றால் பட்டிக்காட்டுப் பேச்சு, சாவி என்றால் நல்ல தமிழ்! சென்னைக்காரர் 'பேஜார்', 'கலீஜ்' என்று இந்துஸ்தானியைக் கலந்தால் மட்டும் நமக்குத் தமிழ் கெட்டுவிடுகிறது. எனக்கு இந்த நியாயம் புரிவதே இல்லை.

சரி, புரியாத சொல்லாவது பரவாயில்லை, கையைக் காட்டிச் சமாளித்துவிடலாம். புரிகிற சொல்தான் ஆபத்து. குமரிப்பக்கம் 'சவம்' என்பது வாய்க்கு வாய் வரும் வசவு. ஓடாத மிக்ஸியும் சவம்தான், சொன்ன பேச்சு கேட்காத தம்பியும் சவம்தான். திருப்பூரில் ஒரு தைப்பொங்கலன்று மின்விசிறி நின்றுபோக, "இந்தச் சவம் இன்னைக்கும் மக்கர் பண்ணுதே" என்று வாசலில் நின்று கத்திவிட்டேன். நோம்பி நாளும் அதுவுமாய்ப் பிணத்தை இழுத்தால்? அக்கா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்பெனியில் கூட வேலை செய்தவனைப் பாசமாக 'லே' என்று கூப்பிட்டு வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை. சின்னப் பையனையும் 'வாங்க, போங்க' என்கிற ஊரில் அது எப்படி எடுபடும்?

ஆறு வருடம் ஓடிவிட்டது. இப்போது ஊருக்குப் போனால், பேச்சில் ரெண்டு 'ங்க' கூடுதலாக விழுகிறதாம். "வீட்டுக்கு வந்த மாப்பிள்ள மாதிரி பேசாதலே" என்று அம்மா திட்டுகிறாள். திருப்பூரில் அந்த அக்காவோ, நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் மறக்காமல் கேட்கிறார்: "தம்பி, உங்க கோலு எடுத்துட்டீங்களா?"