பவர் வீல்சேர்: கையிருப்பில் சிறியதா, கடனில் பெரியதா?

கேள்வி: வயது 46. முதுகுத்தண்டில் அடிபட்டு எட்டு ஆண்டுகளாகக் கையால் தள்ளும் வீல்சேரில் இருக்கிறேன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இப்போது தோள் இரண்டும் வலிக்கின்றன. பேட்டரியில் ஓடும் பவர் வீல்சேருக்கு மாறச் சொல்கிறார் மருத்துவர். தினமும் 11 மணி நேரம் உட்கார்ந்தே வேலை. சேமிப்பு எட்டு மாதச் சம்பளம். மடக்கிக் காரில் வைக்கக்கூடிய சிறிய நாற்காலி இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கிடைக்கிறது. இருக்கை சாயும் பெரியதற்கு ஆறு மாதச் சம்பளம் ஆகும். எதை வாங்குவது?

பதில்: விலையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அந்த 11 மணி நேரத்தைப் பாருங்கள். மடக்கும் நாற்காலி கடைக்கும் பயணத்துக்கும் நல்லது. நாள் முழுக்க உட்கார அது சரிப்படாது. உணர்வில்லாத உடம்பில் அழுத்தப் புண் வந்தால் வலி காட்டிக்கொடுக்காது. ஆழமாகிவிட்டால் ஆற வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் படுக்கையில் இருக்க வேண்டிவரும். சம்பளமில்லா விடுப்பு, கட்டுப் போடும் செலவு, மருத்துவமனைச் செலவு எல்லாம் சேர்ந்தால், மிச்சம் பிடித்த நான்கு மாதச் சம்பளம் காணாமல் போகும். என் கணக்கில் உங்களுக்குப் பெரியதுதான் சிக்கனம்.

ஆனால் "சாயும்" என்று விற்பவர் சொன்னால் எது சாயும் என்று கேளுங்கள். முதுகுப் பலகை மட்டும் பின்னால் போவது ஒரு வகை. அதில் உடம்பு கீழே வழுக்கித் தோல் உராயும். இடுப்பு, முழங்கால் கோணம் மாறாமல் இருக்கை முழுவதுமே பின்னால் சரிவது இன்னொரு வகை; அதுதான் டில்ட். பிட்டத்தில் இருக்கும் எடை, தோல் அதிகம் உராயாமல் முதுகுக்கு மாறுவது அதில்தான், அதுவும் 30 பாகைக்கு மேல் நன்றாகச் சரிந்தால்தான். 15 பாகையோடு நின்றுவிடும் நாற்காலிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

டில்ட் உள்ள நாற்காலிகள் பெரும்பாலும் 100 கிலோவைத் தாண்டும். சாதாரணக் காரில் ஏற்ற முடியாது. அதனால் இப்போதுள்ள கை வீல்சேரை விற்றுவிடாதீர்கள். பயணத்துக்கும், பெரியது பழுதாகி நிற்கும் நாட்களுக்கும் அதுவே கைகொடுக்கும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் டேப்பை எடுங்கள். நாற்காலியின் அகலம் 60 முதல் 65 செ.மீ. வரை இருக்கும். ஜாய்ஸ்டிக் (நாற்காலியை ஓட்டும் கைக்குச்சி) பிடித்த கை கதவு நிலையில் இடிக்காமல் போக இருபுறமும் கொஞ்சம் இடம் வேண்டும். வாசல் படி 15 செ.மீ. உயரம் என்றால், 1:12 சரிவில் (ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம்) சாய்தளம் 180 செ.மீ. நீளம் வரும். கைப்பிடி மேசைக்கு அடியில் நுழைகிறதா என்றும் பாருங்கள். பலர் இதை விட்டுவிட்டு, பிறகு மேசையை மாற்றுகிறார்கள். நடுச்சக்கரம் ஓட்டும் வகை குறைந்த இடத்தில் திரும்பும், வீட்டுக்குள் அதுவே வசதி. மேடுபள்ளத்தில் மட்டும் நடுச்சக்கரம் அந்தரத்தில் நின்று சுழலக்கூடும். கதவு, சாய்தள வேலைக்கு ஒரு மாதச் சம்பளத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

அடுத்து, வாங்கிய பிறகு வரும் செலவு. லெட்-ஆசிட் என்றால் 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும், மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அன்றாடப் பயன்பாட்டில் இரண்டு ஆண்டு என்று கணக்கு வையுங்கள். பாதி சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து அதற்கு முன்பே போய்விடும். ஓடியது கொஞ்ச தூரம்தான் என்றாலும் இரவில் சார்ஜ் போடுங்கள். பேட்டரி ஜோடி விலையை 24-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் ஒதுக்குங்கள். டயர், முன்சக்கர பேரிங், மெத்தை ஆகியவற்றுக்கும் அப்படியே. ஜாய்ஸ்டிக்கின் அடியில் உள்ள ரப்பர் உறை சின்னப் பொருள்தான். அது கிழிந்து உள்ளே தண்ணீர் இறங்கினால் ஜாய்ஸ்டிக்கையே மாற்ற நேரும். கிழிசல் தெரிந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

இனி கடன். அதற்கு முன் மருத்துவக் காப்பீடு, வேலை செய்யும் நிறுவனம், அரசின் மாற்றுத்திறனாளி உதவி மூன்றையும் விசாரியுங்கள். மருத்துவரின் பரிந்துரையும் விலைப்புள்ளியும் பல இடங்களில் வாங்குவதற்கு முன்பே தர வேண்டும். வாங்கிவிட்டு ரசீதோடு போனால் மறுத்துவிடுவார்கள். எதுவும் கிடைக்கவில்லை என்றால், சேமிப்பிலிருந்து நான்கு மாதச் சம்பளம், கடனாக இரண்டு மாதச் சம்பளம். வீட்டு வேலை போகக் கையில் மூன்று மாதச் சம்பளம் மிஞ்சும். அதற்குக் கீழே இறங்காதீர்கள். கடனை 24 மாதத்தில் கட்டினால் மாதச் சம்பளத்தில் சுமார் 8 சதவீதமும் வட்டியும் போகும். தவணை குறைகிறதே என்று ஐந்தாண்டுக்கு இழுக்க வேண்டாம். நாற்காலி தேய்ந்து அடுத்ததற்குச் சேமிக்க வேண்டிய காலத்திலும் பழையதற்கே கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கையெழுத்திடும் முன் விற்பவரிடம் இரண்டை எழுத்தில் வாங்குங்கள்: பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தனித்தனியாக எத்தனை மாத உத்தரவாதம், பழுதானால் எத்தனை நாளில் ஆள் வீட்டுக்கு வருவார். பிறகு ஒரு நாள் முழுக்க உங்கள் வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். அன்று மாலை யாரையாவது உங்கள் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். அரைமணி நேரத்திலும் மறையாத சிவப்புத் தடம் இருந்தால் மெத்தையோ இருக்கை அளவோ சரியில்லை. அதைச் சரிசெய்து தரும் வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.