ஜீன் மேல் பழி போடலாமா?

கேள்வி: தாத்தா, அப்பா, இரண்டு அத்தை, எல்லோருக்கும் சர்க்கரை. 41 வயதில் எனக்கும் 'பார்டர்' என்று சொல்லிவிட்டார்கள். ஜீனிலேயே எழுதியிருக்கும்போது நடப்பதாலும் பத்தியத்தாலும் என்ன ஆகிவிடும்? என் மகனுக்கும் இதுதானே கதி?
- வாசகர் ஒருவர், கரூர்

பதில்: உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. விவசாயம் பார்த்த தாத்தாவுக்கு 68 வயதில் சர்க்கரை வந்ததாம். கடை வைத்த அப்பாவுக்கு 52. உங்களுக்கு 41-லேயே பார்டர். மூன்று தலைமுறைக்குள் ஜீன் அப்படியெல்லாம் மாறிவிடாது. தாத்தா கமலை இறைத்தார். நீங்கள் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை கல்லாவில் உட்கார்ந்து, கடையைப் பூட்டி, வழியில் நாலு பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறீர்கள். இதை எழுதியதும் நீங்கள்தான்.

ஜீனுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். குடும்பத்தில் இருந்தால் ஆபத்து அதிகம்தான். ஆனால் ஜீன் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ஒரு உதாரணம் பாருங்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்ற பழங்குடியினர் கீலா ஆற்றுத் தண்ணீரை நம்பி விவசாயம் செய்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆற்றின் மேல்பகுதியில் குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது. பிறகு அரசு கொடுத்த மாவு, சர்க்கரை, பன்றிக் கொழுப்பு என்று சாப்பாடே மாறிப்போனது. அவர்களுடைய உறவுக் கூட்டம் மெக்சிகோவின் மைகோபா மலைப்பகுதியில் மக்காச்சோளமும் பீன்ஸும் விதைத்து, உடம்பால் உழைத்து வாழ்கிறது. 2006-ல் வெளியான ஆய்வின்படி, அரிசோனா பீமாக்களில் 100-க்கு 38 பேருக்கு நீரிழிவு. மெக்சிகோ பீமாக்களில் 7 பேருக்கும் குறைவு. ரத்தம் ஒன்று, எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இத்தனை வித்தியாசம்!

சரி, அது எங்கேயோ என்பீர்கள். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போன்ற 'பார்டர்' ஆட்கள் 531 பேரைச் சுமார் மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. தினமும் அரை மணி நடை, அளவான சாப்பாடு என்று மாறச் சொன்னவர்களில் 39 பேருக்கு. ஆமாம், அந்த 39 பேருக்கு வரத்தான் செய்தது. ஆனால் 55 என்பது 39 ஆகக் குறைந்ததே, அப்படி மாறியதால் தப்பித்த 16 பேரில் நீங்கள் ஒருவராக இருக்கக் கூடாதா?

உங்கள் பையனுக்கு ஒன்பது வயது என்கிறீர்கள். அவன் காதுபட 'கதி' என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். சாயங்காலம் அரை மணி நேரம் கல்லாவை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு நடங்கள். அப்புறம், அந்தப் பரோட்டாவை இன்று ராத்திரியே நிறுத்துங்கள்.